கண் கண்டதும் காமிரா கண்டதும்

ஜனவரி மாதத்தின் கடைசி வாரத்தில் ஒரு நாள், விடிவதற்கு ஒன்றரை மணி நேரம் இருக்கையிலேயே, மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோயிலுக்கு வடக்கே மீனவர் குப்பத்தை ஒட்டிய மணலில் முக்காலியை ஊன்றி, அதன்மேல் காமிராவைப் பொருத்தி, லென்ஸின் மூடியைக் கழற்றிய அந்தக் கணத்திலேயே என்னுடைய முதல் ஏமாற்றம் நேர்ந்தது. கண்ணாடி முழுவதும் பால் ஊற்றியதுபோல் வெளுத்துக் கிடந்தது. இரவு முழுதும் குளிர்சாதன அறையில் மேஜைமேல் கிடந்த காமிரா, அந்த அறையின் குளிர்ச்சியைத் தன் உலோக உடம்பிலும் கண்ணாடியிலும் சுமந்துகொண்டு வந்திருந்தது. கடற்கரைக் காற்றோ தன்னால் தாங்கக்கூடிய நீராவியில் பெரும்பகுதியை ஏற்கெனவே தாங்கிக்கொண்டிருந்தது. அத்தகைய காற்று தன்னைவிடக் குளிர்ந்த ஒரு பொருளைத் தொட்டதும், தொட்ட இடத்தில் தானும் குளிர்ந்து, தாங்க முடியாத நீரை அங்கேயே துளிகளாக இறக்கி வைத்துவிடுகிறது. புல்லின்மேல் பனி படிவதும் இதே நியாயத்தால்தான். துணியால் துடைத்தால் மீண்டும் படியும். கண்ணாடி வெளிக்காற்றின் சூட்டை அடையும் வரையில் காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை. காமிராவை மூடிய பையிலேயே வைத்து, பையோடு அரை மணி நேரம் வெளியே விட்டுப் பிறகு எடுத்திருந்தால் இந்தத் துன்பம் நேர்ந்திராது என்பதை அன்று கற்றுக்கொண்டேன்.

ஆனால் அந்தக் காத்திருப்பு வீணாகவில்லை. இருட்டில் கண்ணைப் பழக்கிக்கொள்ள அது அவகாசம் தந்தது. வெளிச்சத்திலிருந்து இருட்டுக்கு வந்த மனிதனுடைய கண், தன் முழுத் திறனையும் அடைவதற்கு இருபது முப்பது நிமிஷம் பிடிக்கிறது. கண்மணியின் துவாரம் விரிவது சில விநாடிகளில் நடந்துவிடும் சிறு காரியம். விழித்திரையில் ஒளியை உணரும் நிறமிப்பொருள் மறுபடி ஊறி நிறைவதுதான் நேரம் பிடிக்கும் பெரிய காரியம். அந்த அரை மணி நேரத்தில், ஒன்றுமில்லாத கருமையாயிருந்த கரை, மெல்ல மெல்ல மணலாகவும் வலைக்குவியலாகவும் படகுகளாகவும் பிரிந்து எனக்குத் தெரியலாயிற்று.

எனக்குப் பத்தடி தூரத்தில் ஒரு ஃபைபர் படகு மணலில் ஏறிக் கிடந்தது. அதன் பக்கவாட்டில் நுனியிலிருந்து பின்புறம் வரை ஓடிய ஒரு பட்டை, கன்னங்கரேலென்று, கரியால் தீட்டியதுபோல் இருந்தது. படகின் மற்ற பாகங்கள் சாம்பல் நிறமாகத் தோன்றின. லென்ஸ் தெளிந்தவுடன் நான் முதலில் எடுத்தது அந்தப் படகைத்தான். படகுக்காரர்கள் வலையும் பெட்டியும் எடுத்துவர வீட்டுக்குப் போயிருந்தபடியால் அது அசையாமல் கிடந்தது. ஆகவே காமிராவின் கதவை 15 விநாடி திறந்து வைக்க முடிந்தது. பின்புறத் திரையில் படம் தோன்றியபோது நான் திகைத்துப்போனேன். படகின் உடல் நீலம். பட்டை, குங்குமம்போல் நல்ல சிவப்பு. திரையிலிருந்து கண்ணை எடுத்துப் படகைப் பார்த்தால், அது கறுப்பு. மறுபடி திரையைப் பார்த்தால், சிவப்பு.

இரண்டும் மெய்தான். நம் விழித்திரையில் ஒளியை உணரும் உயிரணுக்கள் இருவகைப்படும். கூம்புகள் என்று சொல்லப்படுபவை சுமார் 60 லட்சம். நிறங்களைப் பிரித்தறிவது இவற்றின் தொழில். ஆனால் இவை வேலை செய்ய நல்ல வெளிச்சம் வேண்டும். கோல்கள் என்பவை சுமார் 12 கோடி. மிக மங்கிய ஒளியையும் இவை உணரும். ஆனால் நிறம் இன்னதென்று சொல்லத் தெரியாது. இந்தக் கோல்கள் நீலமும் பச்சையும் கலந்த ஒளிக்குத்தான் மிக நன்றாக இசைகின்றன. சிவப்பு ஒளிக்கு அவை ஏறக்குறையக் குருடு. எனவே கோல்களின் ஆட்சி நடக்கும் அந்த வேளையில், நீலப் படகு ஓரளவு ஒளிர்கிறது. சிவப்புப் பட்டை அடியோடு இருண்டுவிடுகிறது. பகலில் பளிச்சென்றிருக்கும் செம்மலர் அந்தி மங்கலில் கறுத்துப்போவதையும், நீலப்பூ அப்போது அதைவிட ஒளியுடன் நிற்பதையும் 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே கவனித்து எழுதிவைத்த செக் நாட்டு உடலியல் அறிஞர் பர்கின்யேயின் பெயரால் இதை இன்றும் வழங்குகிறார்கள்.

காமிராவுக்கு இந்த இரட்டை ஆட்சி இல்லை. அதன் உணர்தகட்டிலுள்ள நுண்ணிய கட்டங்கள் ஒவ்வொன்றின்மேலும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்றில் ஒரு நிறத்து வடிகட்டி பதிக்கப்பட்டிருக்கிறது. ஈஸ்ட்மன் கோடாக் நிறுவனத்தில் பணியாற்றிய பிரைஸ் பேயர் 1976ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்ற அந்த அமைப்பே இன்று பெரும்பாலான காமிராக்களில் வழங்குகிறது. நண்பகலானாலும் நள்ளிரவானாலும் சிவப்புக் கட்டம் சிவப்பைத்தான் எண்ணும். மங்கிய ஒளியில் எண்ணிக்கை மெதுவாகச் சேரும், அவ்வளவே. நம் கண் பத்தில் ஒரு விநாடிக்குக் கிடைத்த ஒளியைத் திரட்டிக் காட்சியாக்கிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுகிறது. காமிராவோ 15 விநாடி பொறுமையாகச் சேமிக்கிறது. நெடுநேரம் பிச்சையெடுத்து ஒரு படி அரிசி சேர்த்தவனைப்போல, அது இருட்டிலிருந்து ஒரு பகலைச் சேர்த்துவிடுகிறது. புகைப்படம் கண்ணில் கண்டதன் நகல் என்றே அதுவரை எண்ணியிருந்தேன்; ஒளி செய்த வேறொரு காரியத்தின் சாட்சி அது என்பது எனக்கு அந்தப் பட்டையினால்தான் விளங்கிற்று.

படகுக்காரர்கள் திரும்பி வந்தார்கள். அவர்களுள் மூத்தவர், முக்காலியையும் என்னையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, “கரைக்காத்து நிக்கறதுக்குள்ள எறக்கிடணும் சார், கொஞ்சம் தள்ளிக்குங்க” என்றார். இரவில் கடலைவிட விரைவாகக் குளிர்ந்துபோகும் நிலத்தின்மேலிருந்து கடலை நோக்கிச் செல்லும் மென்காற்று அது. வெயில் ஏறி நிலம் சூடான பின்னரே அது ஓய்ந்து, கடற்காற்று புறப்படும். அலையின் முகத்தை எதிர்த்து வீசும் இந்தக் கரைக்காற்று, முறிகின்ற அலையின் கொண்டையைச் சற்றே தாங்கி நிறுத்துவதோடு, அதன் நுனியிலிருந்து நீர்த்தூளைப் பின்னோக்கிச் சீவியும் விடுகிறது. அலையைப் படம் பிடிக்க விரும்புகிறவர்கள் அதிகாலையைத் தேடிப் போவதற்கு வெளிச்சம் மட்டும் காரணமன்று.

நம்முடைய நாட்டு விடியல் அவசரமான விடியல். சூரியன் அடிவானத்துக்கு 6 பாகை கீழே இருக்கும்போது தொடங்கும் வெளிறிய வேளை, லண்டன் மாநகரில் ஜனவரிக் கடைசியில் 35 நிமிஷத்துக்கு மேலும் நீடிக்கும். மாமல்லபுரத்திலோ 23 நிமிஷத்துக்குள் முடிந்துவிடுகிறது. பூமத்திய ரேகைக்கு அருகிலுள்ள நம் கரையில் சூரியன் ஏறக்குறையச் செங்குத்தாக எழுகிறது. வடக்கே போகப்போக அது அடிவானத்தோடு சாய்ந்து சறுக்கி எழுகிறது என்பதே காரணம். எனவே கிழக்கே காமிராவைத் திருப்பி வைத்துக்கொண்டு சூரியனுக்காகவே காத்திருப்பவர், அந்தக் குறுகிய பொழுதின் மிக அபூர்வமான காட்சிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறார் என்றே சொல்லுவேன். நான் திரும்பி மேற்கே பார்த்தேன். சவுக்குத் தோப்புகளுக்கு மேலே, அடிவானத்தை ஒட்டி, சாம்பல் கலந்த நீலத்தில் ஒரு அகன்ற பட்டை படிந்திருந்தது. மழைமேகமோ என்று மயங்கச் செய்யும் அது மேகமன்று. நாம் நிற்கும் இந்தப் பூமியின் நிழல், காற்றுமண்டலத்தின்மேல் விழுந்திருக்கும் நிழல். அதற்கு மேலே ரோஜா வர்ணத்தில் ஒரு விளிம்பு. இன்னும் நம்மை எட்டாத சூரியனுடைய சிவந்த கிரணங்கள், நம் தலைக்கு மேலாகப் போய் மேற்கு வானத்துக் காற்றில் பட்டுத் திரும்பி வருவதால் உண்டாவது அது. சூரியன் ஏற ஏற, நிழல் இறங்கி இறங்கித் தோப்புக்குப் பின்னால் மறைந்துவிடுகிறது. சந்திர கிரகணத்தில் பூமியின் நிழலைக் காணக் காத்திருக்கும் நாம், நாள்தோறும் இருமுறை வானத்தில் எழுதப்படும் அதே நிழலைக் கவனியாமல் விடுகிறோம்.

சூரியன் 6:35 மணி சுமாருக்கு எழுந்தது. எழுந்தது என்று சொல்வது வழக்கம். ஆனால் அதன் கீழ் விளிம்பு கடலைத் தொட்டுக்கொண்டு முழு வட்டமும் கண்ணுக்குத் தெரிகின்ற அந்த நேரத்தில், உண்மையில் சூரியன் முழுவதுமே அடிவானத்துக்குக் கீழேதான் இருக்கிறது. மேலே மெலிந்தும் கீழே அடர்ந்தும் உள்ள காற்று, தனக்குள் சாய்ந்து வரும் ஒளியைச் சிறிது சிறிதாகப் பூமியின் பக்கம் வளைக்கிறது. அடிவானத்தில் அந்த வளைவு சுமார் 34 கலை, அதாவது அரைப் பாகைக்குச் சற்று மேல். சூரியனுடைய அகலமோ சுமார் 32 கலைதான். இதோடு, மேல் விளிம்பைவிடக் கீழ் விளிம்பின் ஒளி அதிகமாக வளைந்து உயர்த்தப்படுவதால், வட்டம் அமுங்கி, கோழிமுட்டையைப் படுக்க வைத்தாற்போல் ஆகிவிடுகிறது. தொலைநோக்கு லென்ஸில் எடுத்த படத்தில் அளவுகோலை வைத்துப் பார்த்தால், உயரம் அகலத்தைவிட ஆறில் ஒரு பங்கு போலக் குறைந்திருப்பதைக் காணலாம். கண் இந்த அமுக்கத்தைப் பெரும்பாலும் மன்னித்துவிடுகிறது. சூரியன் வட்டமானது என்று மனத்துக்கு முன்பே தெரியும் அல்லவா? விளிம்பு தோன்றியது முதல் வட்டம் கடலைவிட்டுப் பிரியும் வரை சுமார் இரண்டேகால் நிமிஷம். வட்டம் சற்றே ஏறி அதன் சிவப்பு வெளுக்கத் தொடங்கியதும் காமிராவின் கண்ணாடித் துவாரத்தின் வழியாக அதைப் பார்ப்பதை நிறுத்திவிட வேண்டும். லென்ஸ் குவிக்கும் ஒளி விழித்திரையை ஊறுபடுத்தும்.

அந்தச் சிவப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. உச்சியிலிருக்கும் சூரியனைக் காட்டிலும் அடிவானச் சூரியனின் ஒளி ஏறக்குறைய 38 மடங்கு காற்றைக் கடந்து வருகிறது. காற்றின் மூலக்கூறுகள் சிவப்பைவிட நீலத்தைச் சுமார் நான்கு மடங்கு அதிகமாகச் சிதறடிக்கின்றன. நெடுந்தூரம் வந்த ஒளியில் நீலமெல்லாம் வழியிலேயே செலவாகி, சிவப்பு மட்டும் எஞ்சி நம்மை அடைகிறது.

சூரியனைவிட, சூரியன் எழுந்த பிறகு அது மணலின்மேல் செய்த காரியம்தான் என்னை அதிக நேரம் மண்டியிட வைத்தது. ஈரமணலின் மேல்விளிம்பில் நண்டுகள் இரவெல்லாம் வேலை செய்திருந்தன. நம் பழம் புலவர்கள் அலவன் என்று அன்போடு பாடிய அந்தச் சிறு பிராணி, மணலைக் கால்களால் அள்ளி வாயருகே கொண்டுபோய், அதில் ஒட்டியுள்ள நுண்ணுயிர்களையும் மக்கிய துகள்களையும் வடித்தெடுத்துக்கொண்டு, மிச்ச மணலைச் சிறு உருண்டையாக்கி ஒதுக்கிவிடுகிறது. வளைவாயைச் சுற்றிலும் மிளகளவில் நூற்றுக்கணக்கான உருண்டைகள். மத்தியான வெயிலில் பார்த்தால் இவை மணலோடு மணலாய்க் கண்ணுக்கே படா. ஆனால் சூரியன் 5 பாகை உயரத்தில் இருக்கையில், எந்தப் பொருளின் நிழலும் அதன் உயரத்தைப்போல் 11 மடங்குக்கு மேல் நீளும். அரை சென்டிமீட்டர் உருண்டைக்கு ஏறக்குறைய 6 சென்டிமீட்டர் நிழல். ஒவ்வொரு உருண்டைக்கும் ஒரு வால் முளைத்து, மேற்கு நோக்கிப் பறக்கும் நட்சத்திரக் கூட்டம்போல் மணற்பரப்பு முழுதும் உயிர் பெற்றுவிட்டது. அந்த நிழல்கள் கறுப்பாகவுமில்லை. சூரியனுடைய பொன்னொளி எட்டாத அவ்விடங்களுக்கு வெளிச்சம் தருவது நீல வானம். ஆகையால் அவை நீல நிழல்கள். நம் மூளை அந்த நீலத்தைக் கழித்து, நிழல் என்றால் சாம்பல் என்று நமக்குச் சொல்லிவிடுகிறது. காமிராவுக்குக் கழிக்கத் தெரியாது. பிறகு வெள்ளைச் சமன் என்று காமிராக்காரர்கள் சொல்லும் திருத்தத்தைச் செய்து அந்த நீலத்தைத் துடைத்துவிடுகிறவர்கள் உண்டு. நான் அதைத் துடைப்பதில்லை.

மண்டியிட்டபடி காலை முன்னால் ஊன்றியபோது இன்னொன்று கண்ணில் பட்டது. ஈரமணலின் கறுப்பு, என் பாதத்தைச் சுற்றி ஒரு சாண் அகலத்துக்குச் சட்டென்று வெளுத்து உலர்ந்துவிட்டது. அழுத்தினால் பஞ்சிலிருந்து நீர் வெளிவருவதுபோல் மணலிலிருந்தும் நீர் வரவேண்டும் அல்லவா? வரவில்லை, உள்ளே போய்விட்டது! இதற்கு விளக்கம் தந்தவர் ஆஸ்பார்ன் ரெனால்ட்ஸ் என்னும் அறிஞர், ஆண்டு 1885. அலைகள் ஆட்டி ஆட்டிப் படிய வைத்த மணலின் பரல்கள், ஒன்றன் இடுக்கில் ஒன்று பொருந்தி, மிகக் குறைந்த இடத்தில் அடங்கியிருக்கின்றன. கால் அழுத்தும்போது அவை நகர வேண்டுமானால் ஒன்றன்மேல் ஒன்று ஏறித்தான் நகர முடியும்; ஏறினால் இடைவெளி பெருகும்; பெருகிய இடைவெளியை நிரப்ப மேற்பரப்பின் நீர் கீழே இழுக்கப்படும். காலை எடுத்தால், பரல்கள் மறுபடி அமர, நீர் மேலே கசிந்து, வெளுத்த இடம் கறுத்துவிடுகிறது. ஈரமணல் கறுப்பாயிருப்பதற்கே காரணம், பரல்களைப் போர்த்தியிருக்கும் நீர்ப்படலம் ஒளியை வெளியே திருப்பிவிடாமல் உள்ளுக்குள்ளேயே பலமுறை அலைய வைத்து உறிஞ்சச் செய்வதுதான். படலம் உள்வாங்கிய கணமே பரல் தன் சொந்த வெண்மைக்குத் திரும்பிவிடுகிறது. குழந்தைகள் இதைக் கண்டு குதித்துக் குதித்து விளையாடுவார்கள்.

மணி 7:30 ஆனபோது, பொன்னிறம் குறைந்து வெளிச்சம் வெளுக்கத் தொடங்கிற்று. அப்போதுதான் என் பையிலிருந்து முனைவாக்கு வடிகட்டியை எடுத்து லென்ஸின் முன்னே திருகினேன். ஒளி அலைகள் எல்லாத் திசைகளிலும் அதிர்ந்துகொண்டு வருபவை. நீர்ப்பரப்பில் பட்டுப் பிரதிபலிக்கும் ஒளியோ பெரும்பாலும் ஒரே தளத்தில் அதிர்கிறது. 1808ஆம் ஆண்டில் பாரிஸில், மாலை வெயில் தெறித்த ஒரு ஜன்னல் கண்ணாடியைக் கால்சைட் படிகத்தின் வழியாகப் பார்த்த மாலூஸ் என்னும் அறிஞர் இதை முதலில் கண்டறிந்தார். செங்குத்திலிருந்து 53 பாகை சாய்ந்து பார்க்கும்போது நீரில் முனைவாக்கம் என்னும் இந்தத் தன்மை முழுமையடைகிறது; அப்படி ஒரே தளத்தில் அதிரும் ஒளியைத் தடுப்பதே இந்த வடிகட்டியின் வேலை. கோயிலருகே பாறைகளுக்கிடையே தேங்கிய குட்டையை அந்தச் சாய்விலிருந்து பார்த்துக்கொண்டு வடிகட்டியின் வளையத்தை மெல்லத் திருப்பினேன். நீரின்மேல் தகதகத்த வானத்தின் பிம்பம் அணைந்து அணைந்து, ஒரு நிலையில் முற்றிலும் இல்லாமலாகி, அடியிலிருந்த பாசியும் சிப்பியும், நீரே இல்லாததுபோல் தெரிந்தன.

இந்தச் சிறு வளையத்தைத் திருப்பும்போதெல்லாம் எனக்குச் சர் சி. வி. ராமன் நினைவுக்கு வருவார். சென்னைக் கடற்கரையை நோக்கி நிற்கும் மாநிலக் கல்லூரியில் பயின்ற அவர், 1921ஆம் ஆண்டில் இங்கிலாந்துக்குச் சென்று, நார்குண்டா என்னும் கப்பலில் திரும்பிவந்தபோது, மத்தியதரைக் கடலின் ஆழ்ந்த நீலத்தைக் கண்டு அதன் காரணத்தைத் தேடலானார். கடலின் நீலம் வானத்து நீலத்தின் பிரதிபலிப்பே என்று சொல்லியிருந்தவர் ராலே பிரபு. சாமானியரல்லர், வானம் ஏன் நீலம் என்பதையே உலகுக்கு விளக்கியவர். ராமனோ தம் கையிலிருந்த நிக்கோல் பட்டகத்தை, நான் குட்டையின்முன் வளையத்தைத் திருப்பியதுபோலவே திருப்பி, அந்த 53 பாகைச் சாய்வில் வானத்தின் பிம்பத்தை அணைத்துவிட்டுப் பார்த்தார். பிம்பம் போயிற்று, நீலம் போகவில்லை, முன்னிலும் ஆழமாயிற்று. நீரின் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறடிக்கின்றன என்ற தம் கருத்தை அவர் அவ்வாண்டிலேயே நேச்சர் இதழுக்கு எழுதினார். திரவங்களில் ஒளிச்சிதறலை அவர் விடாமல் ஆராய்ந்ததன் பலன்தான் 1928 பிப்ரவரி 28ஆம் தேதியின் கண்டுபிடிப்பும், 1930ஆம் ஆண்டின் நோபல் பரிசும். நீர் சிவப்பு ஒளியை உறிஞ்சிவிடுவதும் கடலின் நீலத்துக்குப் பெருங்காரணம் என்பதை இன்று சேர்த்துச் சொல்லவேண்டும். நீர் மூலக்கூறுக்குள் அணுக்கள் அதிரும் அதிர்வே அந்தச் சிவப்பை விழுங்குகிறது. பெரிய கருவிச்சாலை ஒன்றும் வேண்டாமல், கப்பலின் மேல்தளத்தில் நின்று, கைக்கடங்கிய ஒரு பட்டகத்தால் இயற்கையிடம் சரியான கேள்வியைக் கேட்ட அந்தக் காட்சியை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கிறது.

வடிகட்டியை வானத்தின்மேல் திருப்புகிறவர்கள் ஒன்றை நினைவில் கொள்ளவேண்டும். சூரியனுக்கு நேராகவும் அதற்கு நேரெதிராகவும் வானத்தில் இந்த முனைவாக்கம் மிகச் சொற்பம். சூரியனிலிருந்து 90 பாகை விலகிய வளையத்தில்தான் உச்சம். சோழமண்டலக் கரை ஏறக்குறைய வடக்குத் தெற்காக ஓடுவதால், காலையில் கரையோரமாகவே நோக்குகிறவருக்கு அந்த உச்ச இடம் தானாக அமைந்துவிடுகிறது. நான் தெற்கே திரும்பினேன். ராஜசிம்ம பல்லவன் எழுப்பிய கடற்கரைக் கோயிலின் இரட்டை விமானங்கள், இடப்புறம் வெயிலும் வலப்புறம் நிழலுமாய், உப்புக்காற்று அரித்த ஒவ்வொரு மேடும் பள்ளமும் புலப்பட நின்றன. வளையத்தைத் திருப்பத் திருப்ப, அவற்றின் பின்னேயிருந்த வானம் கருநீலமாகிக்கொண்டே போயிற்று.

படகு திரும்பியபோது மணி எட்டரை இருக்கும். வெயிலில் அதன் பட்டை என் கண்ணுக்கும் சிவப்பாகவே தெரிந்தது. பெரியவர் வலையை உதறி மீனைப் பிரிக்கிற வேலை ஓய்ந்ததும், அவருக்குக் காட்ட விரும்பி விடியற்காலைப் படத்தைத் திரையில் கொணர்ந்தேன். நிறத்தைப் பற்றி ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவரோ தம் படகைப் பார்க்கவேயில்லை. படத்தின் ஓரத்தில், கடலின்மேல் ஒரு மெல்லிய மஞ்சள் கோடு இருந்தது. நான் கவனித்திராத கோடு. “இது நம்ம தம்பி மவன் படகு விளக்கு சார். எங்களுக்கு முன்னாடி போனவன், கரையோட வடக்கால போறான். பாருங்க, ரெண்டு தபா ஏறி எறங்கியிருக்கு. கடல் அப்பவே தூக்கலாத்தான் இருந்துது” என்றார்.

திரையைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கரைக்கு இணையாகப் போன ஒரு விளக்கு, 15 விநாடியில் தன் பாதையைத் தானே வரைந்திருந்தது; இரண்டு முழு மேடுகள், இரண்டு பள்ளங்கள். ஆக, ஒரு அலைக்கு ஏழரை விநாடி. ஆழ்கடலில் ஓர் அலையின் நீளத்தை மீட்டரில் அறிய, அதன் காலத்தை விநாடியில் எடுத்து, அதை அதனாலேயே பெருக்கி, 1.56ஆல் மறுபடி பெருக்கினால் போதும்: சுமார் 88 மீட்டர். மணலில் குச்சியால் இந்தக் கணக்கைப் போட்டு, இவ்வலைகள் ஆழ்கடலில் கொண்டைக்குக் கொண்டை இவ்வளவு தூரம் இருந்திருக்கும் என்று, கோயிலின் பக்கம் கையை நீட்டி ஒரு தூரத்தைக் காட்டினேன். பெரியவர் அந்தத் தூரத்தைக் கண்ணால் அளந்து, “இருக்கும், இருக்கும்” என்று தலையசைத்துவிட்டு, மீன் பெட்டியைத் தூக்கப் போனார்.